எதிர்க்கட்சிக்காரர் உறங்கிய நாள்

சந்தைக்கூடத்தில் முதலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டவள் பவளக்கொடிதான். மேடையில் நின்றிருந்த பூங்கோதை அதைக் கண்ணால் பார்த்தாள்.

அவை உறுப்பினர் நல்லசிவம் அப்போதுதான் பேச்சைத் தொடங்கியிருந்தார். தேர்தல் நெருங்குகிறது, தொகுதியில் இது முதல் கூட்டம். பூங்கோதை அவருடைய கட்சியின் வட்டச் செயலாளர். சுரங்க ரயில் ஓட்டுவது பிழைப்பு, கட்சி வேலை பழக்கம். ஆள் திரட்டியதும் நாற்காலி போட்டதும் அவள்தான்.

"போர்க்காலத்தில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று இரண்டு கிடையாது. ஊர் ஒன்றுதான்," என்றார் நல்லசிவம்.

வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டல் வரும். வரவில்லை. மூன்றாம் வரிசையில் பவளக்கொடி எழுந்து நின்றாள். தண்ணீர்ச் சுத்திகரிப்பில் வேலை பார்க்கும் பெண், ஐம்பதைத் தாண்டியவள்.

"ஆளுங்கட்சிக்காரன் சண்டை போடுவேன்னு சொல்லித்தான் ஓட்டுக் கேட்டான். அவனுக்கு நான் போடலை. நீங்க வேண்டாம்னு சொன்னீங்க, உங்களுக்குப் போட்டேன். அப்புறம் அவையில நீங்களும் சேர்ந்து கையைத் தூக்கினா, நான் போட்ட ஓட்டு எங்கே போச்சு? அதை மட்டும் சொல்லுங்க, உட்கார்ந்துடறேன்."

"அம்மா, உங்க மகன் இன்பராஜோட நிலைமை எனக்குத் தெரியும்."

"அவன் பேரை நீங்க சொல்லாதீங்க."

அவ்வளவுதான். நாற்காலியைத் தூக்கி, மேடைக்கு முதுகு தெரியும்படி போட்டு, உட்கார்ந்துகொண்டாள். பக்கத்திலிருந்தவர் அதையே செய்தார். பிறகு வரிசை வரிசையாக. நிலவில் எதுவுமே கனமில்லை. நாற்காலிகள் சத்தமின்றி எழும்பி மெதுவாக இறங்கின. சற்று நேரத்தில் கூடம் முழுக்க முதுகுகள்.

யாராவது கூச்சல் போட்டிருந்தால் நல்லசிவத்துக்குப் பதில் சொல்லத் தெரியும். அவர் அப்படிப்பட்ட பேச்சாளர். முதுகுகளுக்கு என்ன பதில் சொல்வது? கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியைப் பூங்கோதையின் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

அவர்களுடைய ஊர் மேற்குவிளிம்பு. நிலவின் தென்முனையில், ஆழி என்ற பெரும்பள்ளத்தின் மேற்குக் கரையில் பாறையைக் குடைந்து கட்டியது. எதிர்க்கரையில் கிழக்குவிளிம்பு. அது வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களின் ஊர், பேச்சும் வேறு. நடுவில் பள்ளத்தின் அடியில் பனிக்கட்டி. வெயிலே படாத இடம் என்பதால் உருகாமல் கிடந்த அந்தப் பனிதான் இரண்டு ஊருக்கும் குடிதண்ணீர், மூச்சுக்காற்று, எல்லாம். இரண்டு தலைமுறை பங்கு போட்டுக் குடித்தார்கள். போன தேர்தலில் ஜெயித்த ஆளுங்கட்சி, பள்ளம் முழுவதும் நமக்கே என்றது. போர் வந்தது. பள்ளிக்கூடத்தில் பழைய வரலாறு படித்தவர்களுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது: பூமியில் பனிப்போர் என்றால் சுடாமல் நடந்த போராம். இது சுட்டே நடந்தது, பனிக்காக.

"பள்ளத்தில் ஒரு போர்க்கருவியும் இறங்காது" என்று வீடு வீடாகச் சொல்லி நல்லசிவத்துக்கு ஓட்டு வாங்கியவள் பூங்கோதை. போர்த் தீர்மானம் அவைக்கு வந்தபோது அவர் கட்சி மொத்தமும் ஆதரித்தது. நீட்டிப்புக்கு வந்தபோதெல்லாம் மறுபடியும் ஆதரித்தது. அன்றிலிருந்து பூங்கோதை ரயில் நிலையங்களில் யார் கண்ணையும் பார்ப்பதில்லை.

கூட்டம் கலைந்ததும் நல்லசிவத்தை அவைக் கட்டடத்துக்குக் கொண்டுபோனதும் அவள் ரயில்தான். அவர் ஓட்டுநர் அறையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுரங்கத்தின் விளக்குகள் முகத்தில் வந்து வந்து போயின.

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியா, கோதை?"

"நான் நினைக்கிறது இருக்கட்டும் அண்ணே. ஏன் தூக்கினீங்க கையை?"

"எதிர்த்திருந்தா துரோகின்னு சொல்லியிருப்பாங்க. கட்சியையே தடை பண்ணியிருப்பாங்க. ஆதரிச்சிட்டு உள்ளே இருந்து கேள்வி கேட்கலாம்னு நினைச்சோம்."

"கேட்டீங்களா?"

ரயில் ஒரு வளைவில் திரும்பியது. அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் தக்காளி பறிக்க முடியாம உட்கார்ந்திருக்கார், தெரியுமா உங்களுக்கு?" என்றாள் பூங்கோதை. அவள் கணவன் சங்கரலிங்கம் பயிர்க்கூடத்தில் வேலை செய்பவன். நாற்று நடுவதில் அவன் விரல்களுக்கு ஒரு மென்மை உண்டு. "போருக்குன்னு உறக்கப் பங்குக்குத் தூங்கப் போக ஆரம்பிச்சதிலிருந்து எதைத் தொட்டாலும் நசுக்கிடறார். ஒருநாள் காலையில எழுந்து பார்க்கிறேன், என் மணிக்கட்டைப் பிடிச்சிட்டிருக்கார். விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தேன். கன்னிப்போச்சு. கண்ணு விழிச்சதும் அதைப் பார்த்து அழுதார். அன்னையிலிருந்து வேற அறையில படுக்கறார். அங்கே தூக்கத்துல நான் யாரைக் கொல்றேன்னு எனக்கே தெரியலை கோதைங்கிறார்."

"எனக்கு இதெல்லாம்..."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அவை உறுப்பினருக்கு விலக்கு. ரயில் ஓட்டறவளுக்கும் விலக்கு. நாம ரெண்டு பேரும்தான் முழிச்சிட்டிருக்கோம். ஊரே தூங்கிச் சண்டை போடுது."

ரயிலை நிறுத்தினாள். அவை நிலையம் வந்துவிட்டது. அவர் இறங்கவில்லை.

"விலக்குன்னா வரவேண்டியதில்லைன்னு அர்த்தம். வரக்கூடாதுன்னு இல்லையே அண்ணே," என்றாள் அவள். "ஒரு தடவை தூங்கிட்டு வந்து ஓட்டுக் கேளுங்க. நானும் தூங்கறேன். இல்லேன்னா என் வட்டத்துல ஒரு கதவையும் நான் தட்டமாட்டேன்."

மறுநாள் காலை இருவரும் உறக்கக் கூடத்துக்குப் போனார்கள். நீண்ட, குளிர்ந்த கூடம். தாழ்வான கட்டில்கள். ஒவ்வொன்றிலும் தெரிந்த முகம், தலையில் மெல்லிய வலைத்தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தது. கோடியில் திரை போட்ட பகுதி. அதற்குள்தான் விழிக்காதவர்கள். பள்ளத்தில் தாங்கள் இயக்கிய நண்டு வண்டி நொறுங்கியபின் கண் திறக்காமலே கிடப்பவர்கள். இன்பராஜும் அங்கேதான் இருந்தான். திரைக்கு வெளியே பவளக்கொடியின் செருப்பு கிடப்பதைப் பூங்கோதை பார்த்தாள்.

கூடத்துக்குப் பொறுப்பான டாக்டர் மெஹருன்னிசாவுக்கு நல்லசிவத்தைப் பார்த்ததும் ஆச்சரியம். அவர் வந்த காரணம் கேட்டதும் இன்னும் ஆச்சரியம்.

"முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க டாக்டர்," என்றார் நல்லசிவம். "தீர்மானத்துல படிச்சேன். புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன்."

"பெரிய விஷயமில்லை சார். இயந்திரம் தானாகச் சண்டை போடக்கூடாதுன்னு பூமியில உடன்படிக்கை இருக்கு. ஒவ்வொரு நண்டுக்குப் பின்னாலும் ஒரு மனுஷர் இருந்தாகணும். நண்டுன்னா அந்த ஆறுகால் வண்டி. நம்ம ஊர்ல வேலையை விட்டுட்டு அதுக்குன்னு உட்கார ஆள் ஏது? தூங்கறவங்கதான் சும்மா இருக்காங்க. நடக்கறது, பிடிக்கறது, விழாம நிக்கறது எல்லாம் யோசிக்காமலே உடம்பு செய்யற வேலை. அந்த அறிவை மட்டும் தூக்கத்துல கடன் வாங்கறோம். எங்கே போகணும்னு தளபதி அலுவலகம் சொல்லும். போய் என்ன செய்யணும்ங்கிறது தூங்கறவரோட உடம்பு பார்த்துக்கும்."

"அங்கே என்ன நடக்குதுன்னு மேலே எப்படித் தெரியும்?"

"எண்கள் வரும். எதிரி எவ்வளவு பக்கத்துல, பிடி எவ்வளவு அழுத்தம், எத்தனை மோதல். காட்சி முழுக்கத் தூங்கறவரோட மூளைக்குத்தான் போகுது. முழிச்சதும் மறதி ஊசி போட்டுடறோம். கருணையாலதான். நினைவிருந்தா தாங்கமாட்டாங்கன்னு."

"எங்க ரெண்டு பேருக்கும் அந்த ஊசி வேண்டாம்," என்றார் நல்லசிவம்.

டாக்டர் பூங்கோதையைப் பார்த்தார். பூங்கோதை தலையசைத்தாள்.

வலைத்தொப்பி குளிராக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் நல்லசிவம் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார், ஊசிக்குப் பயந்த பள்ளிப்பிள்ளை மாதிரி. அதுதான் அவள் கடைசியாகப் பார்த்தது.

பிறகு அவளுக்கு ஆறு கால்கள் இருந்தன.

அது விநோதமாகவே தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்பதுபோல் கால்கள் அவளைத் தாங்கின. பள்ளத்தின் உதட்டில் நின்றிருந்தாள். எதிரே அடிவானத்தின்மேல் பாதி பூமி. உள்ளங்கையில் அடங்குகிற நீலம், ஓரத்தில் வெண்மேகம். ஊரில் பிறந்த யாரும் அதைச் சன்னல் இல்லாமல் பார்த்ததில்லை. அவளும் நூறு நூறு ரயில் சவாரிகளில், சுரங்கம் தரைக்கு மேல் வரும் இடத்தில், கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தாள். இப்போது நடுவே ஒன்றுமில்லை. அழவேண்டும் போலிருந்தது, நண்டுக்குக் கண்ணீர் கிடையாது.

கால்கள் இறங்கத் தொடங்கின. இறங்க இறங்கப் பூமி மலைவிளிம்புக்குப் பின்னால் அமிழ்ந்தது. கடைசி வெளிச்சமும் பாறையில் வழுக்கி மேலே தங்கிவிட்டது. அதன்பின் இருட்டு. வீட்டில் விளக்கை அணைத்தால் வருகிற இருட்டுக்கு முன்னால் ஒரு வெளிச்சம் இருந்திருக்கும். இங்கே வெளிச்சம் வந்ததே இல்லை. இருநூறு கோடி வருடமாகச் சூரியன் எட்டிப் பார்க்காத இடம். தலைக்குமேல் நட்சத்திரங்கள் சிமிட்டாமல், மூச்சுவிடாமல், அத்தனை நெருக்கமாக நின்றன.

அவள் விளக்கு எரிந்தது. தரையெல்லாம் பனி இறகுகளாக முளைத்திருந்தது. ஒவ்வொரு இறகும் மயிரிழை கனம். மனிதன் உண்டாவதற்கு முன்பிருந்தே யாருக்காகவும் இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்த தோட்டம், வெளிச்சம் பட்டதும் பச்சையும் ஊதாவுமாகச் சுடர்விட்டது. மிதிக்கவே கூசியது. கூசிய காலுக்குப் பக்கத்தில் இன்னொரு கால் மிதித்தது. திரும்பினாள்.

அவளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் நண்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே அச்சு. ஆனால் நடை? பகல் முழுக்க நடைமேடைகளில் ஜனங்கள் நடப்பதைப் பார்க்கிறவள் அவள். தூரத்திலேயே நடையை வைத்து ஆள் சொல்லிவிடுவாள். முன்னால் அடிக்கொரு தரம் நின்று மூச்சுவாங்கிப் போகிறது பள்ளிக்கூட வாத்தியார் தேவசகாயம். அவசரமே இல்லாமல் ஆடி ஆடிப் போவது ரொட்டிக்கடை அம்சவேணி. மார்பை முன்தள்ளி, மேடையேறப்போகிறவர் மாதிரி வருவது நல்லசிவம்தான், சந்தேகமேயில்லை. அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊரே அங்கு இருந்தது. தூக்கத்தில், பேச்சில்லாமல், ஒரு திருவிழாக் கூட்டம் இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது எதிர்க்கரையில் வெளிச்சங்கள் முளைத்தன. ஒன்று, பத்து, எண்ணமுடியாதபடி. கிழக்குவிளிம்பின் நண்டுகள் மஞ்சள் பட்டையோடு வந்துகொண்டிருந்தன.

இதோ, நடக்கப்போகிறது. தன் கால்கள் என்ன செய்யப்போகின்றன என்று பூங்கோதை தன்னையே பயத்தோடு பார்த்தாள். இரண்டு கூட்டமும் பள்ளத்தின் நடுவே நெருங்கின. விளக்கோடு விளக்கு முட்டும் தூரம்.

நிற்காமல் ஒன்றுக்குள் ஒன்று கலந்தன.

எல்லாம் ஒரே திசையில் திரும்பின. அங்கே ஒரு பனிச்சரிவு மலைபோல் குவிந்திருந்தது. போரின் முதல் பெரிய மோதலில் சரிந்தது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இரு பக்கத்து நண்டுகளையும் சேர்த்து விழுங்கிய சரிவு. வந்த நண்டுகள் அதன் அடியில் வரிசை கட்டின. தோண்டின. உடைந்த கட்டியை ஒரு நண்டு எடுத்து அடுத்ததிடம் கொடுக்க, கொடுத்தது எதிரியின் மஞ்சள் பட்டையா தங்கள் வெள்ளைப் பட்டையா என்று பார்க்காமல் அது வாங்கி அடுத்ததற்குக் கொடுத்தது. கால் வழுக்கிய ஒன்றைப் பக்கத்திலிருந்த எதிரி நண்டு இறுகப் பிடித்து நிறுத்தியது. எத்தனை நாளாக இது நடக்கிறதோ, சரிவில் பாதி தோண்டப்பட்டிருந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. புதையுண்டவரைக் கண்டால் உடம்பு யோசிக்காமல் செய்கிற வேலை இது.

சரிவின் உச்சியில் ஒரு நண்டு. வலப்பக்கம் லேசாகச் சாய்ந்த நிற்பு, வேலை செய்யும்போது தலையைத் தாழ்த்திக்கொள்ளும் விதம். அந்தச் சாய்வை அவள் இருபது வருடமாக வீட்டுக்குள் பார்த்தவள். சங்கரலிங்கம். இரண்டு முன்காலையும் ஒரு குழிக்குள் விட்டு எதையோ பற்றி இழுத்துக்கொண்டிருந்தான். விடவில்லை. நொறுங்கும்படி பிடித்திருந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்த அதே பிடி.

'நீங்க கொல்லலைங்க. தூக்கத்துல நீங்க யாரையும் கொல்லலை.' கத்தவேண்டும் போலிருந்தது. காற்றில்லாத இடத்தில் கத்தவும் வழியில்லை. போய்ப் பக்கத்தில் நின்று அவளும் பற்றி இழுத்தாள். பனிக்குள்ளிருந்து மஞ்சள் பட்டை போட்ட ஒரு நண்டு, பாதி நசுங்கியது, வெளியே வந்தது. அதன் விளக்கு மங்கலாய் எரிந்து அணைந்தது. எதிர்க்கரையில், முகம் தெரியாத யாரோ ஒருவர் இந்நேரம் கண் விழித்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

திடீரென்று எல்லா நண்டுகளும் வேலையை நிறுத்தின. ஆறு காலையும் தரையில் அழுத்தி அசையாமல் நின்றன. அவளும் அழுத்தினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கால்களில் ஒரு துடிப்பு. டொக், டொக். அதன் பக்கத்தில் இன்னொன்று. கீழே, எங்கோ ஆழத்தில், புதைந்த நண்டுகளுக்குள், உறக்கக் கூடங்களில் விழிக்காமல் கிடக்கிறவர்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றல்ல, பத்தல்ல. தகரக் கூரையில் மழை பிடித்தாற்போல் பள்ளத்தின் தரை முழுக்க அந்தத் தட்டல் பரவி அவள் கால்கள் வழியாக ஏறியது. இரண்டு ஊர்களும் அந்த மகா இருட்டில் மூச்சடக்கி நின்று அதைக் கேட்டன. எங்கே தட்டல் பலமோ அங்கே மறுபடி தோண்டத் தொடங்கின.

கண் விழித்தபோது பூங்கோதையின் கைகள் கட்டில் விளிம்பைப் பற்றியிருந்தன. பக்கத்தில் நல்லசிவம் எழுந்து உட்கார்ந்து, குழந்தைபோல் வாயைத் திறந்தபடி அழுதுகொண்டிருந்தார். டாக்டர் தண்ணீர் கொண்டுவந்தார். அவரிடம் சொல்லி முடிக்க இருவருக்கும் வெகுநேரம் பிடித்தது.

மெஹருன்னிசா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "திரைக்குப் பின்னால இருக்கிறவங்கள்ல திடீர்னு ஒருத்தர் முழிப்பாங்க. காரணம் தெரியாம நாங்க அதிர்ஷ்டம்னு எழுதிட்டிருந்தோம்."

"நெருக்கமான மோதல், கடுமையான பிடி," என்றார் நல்லசிவம். "இந்த எண்களைக் காட்டித்தான் ஒவ்வொரு தடவையும் நீட்டிப்புக் கேட்டாங்க. நான் ஒவ்வொரு தடவையும் தூக்கினேன். அங்கே கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டுட்டிருக்காங்க டாக்டர். சண்டை எப்பவோ நின்னுபோச்சு. அவையில மட்டும்தான் நடக்குது."

"நாளைக்கே போய்ச் சொல்லுங்க அண்ணே."

"சொன்னா?" என்றார் டாக்டர். "சண்டை இல்லைன்னா உறக்கப் பங்கு எதுக்கு? சட்டத்தை எடுத்துடுவாங்க, நண்டுகளை நிறுத்திடுவாங்க. கீழே தட்டிட்டிருக்கிறவங்க?"

திரைக்கு அப்பால் யாரோ மெல்ல இருமினார்கள். பவளக்கொடியாக இருக்கலாம்.

நல்லசிவம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போர் முடியணும். தோண்டறதும் நிக்கக்கூடாது. கட்டாயம் இல்லாம ஊரே தூங்க வரணும். அதைக் கேட்கிற தகுதி எனக்கில்லை. ஆனா கேட்காம இருக்க முடியாது."

அவையில் அவர் பேசியது ஊர் முழுக்க ஒலிபரப்பானது. பேச்சு என்று சொல்வதற்கில்லை, திக்கித் திணறினார். ஆளுங்கட்சி வரிசையில் சிரித்தார்கள். சொந்தக் கட்சித் தலைவரே உடம்பு சரியில்லை என்று அறிக்கை விட்டார். "நம்பவேண்டாம். ஊசி போட்டுக்காம ஒரு தடவை தூங்கிட்டு வாங்க, போதும்," என்று மட்டும் நல்லசிவம் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலில் ஆளுங்கட்சியின் இளைய பெண் உறுப்பினர் ஒருவர், பொய்யென்று நிரூபிக்கப் போனார். திரும்பி வந்தவர் தன் இருக்கையில் உட்கார மறுத்து, நடுவில் தரையில் உட்கார்ந்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அடுத்த நீட்டிப்புத் தீர்மானம் வந்தபோது எண்ணுவதற்கு ஒரு கைகூட எழவில்லை. வாக்கு எண்ணும் நாள் முதல் உறக்கப் பங்கு கட்டாயமில்லை என்று முடிவானது. நண்டுகள் இருக்கும்; விரும்பியவர் வரலாம். கிழக்குவிளிம்புக்கும் போர்நிறுத்தச் செய்தி போனது. பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் பதில் வந்தது.

சந்தைக்கூடத்தில் மறுபடியும் கூட்டம். இந்த முறை நாற்காலிகள் மேடையைப் பார்த்தே இருந்தன. சங்கரலிங்கம் மனைவியின் பக்கத்தில் நின்றிருந்தான். பூங்கோதை எல்லாவற்றையும் சொன்ன அன்று அவன் தன் கைகளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றே பாயை எடுத்துக்கொண்டு பழைய அறைக்கு வந்துவிட்டான்.

நல்லசிவம் ஒலிவாங்கியை வாங்கவில்லை. "நான் செய்தது தப்பு. கட்சி வேட்பாளரா நிறுத்துது, நிக்கறேன். உங்ககிட்ட ஓட்டுக் கேட்க வரலை. உங்க தூக்கத்தைக் கேட்க வந்தேன்," என்றார்.

எல்லாரும் பவளக்கொடியைப் பார்த்தார்கள்.

"ஓட்டு உங்களுக்குக் கிடையாது," என்றாள் அவள். "கேட்டாலும் கிடையாது. உண்மையைச் சொன்னீங்க, சரி. அதுக்கு முன்னால எத்தனை தடவை கையைத் தூக்கினீங்க? அப்பல்லாம் என் பிள்ளை கீழே தட்டிட்டுத்தானே இருந்தான்? தூக்கம் தர்றேன். அது உங்களுக்கு இல்லை."

"சரிம்மா," என்றார் நல்லசிவம்.

வாக்கு எண்ணும் நாள் காலையில் பூங்கோதை ரயிலை எடுத்தபோது அவர் பழையபடி ஓட்டுநர் அறையில் வந்து உட்கார்ந்தார்.

"டெபாசிட் போயிடும்னு நினைக்கிறேன், கோதை."

"போயிடும் அண்ணே." சிறிது தயங்கினாள். வட்டச் செயலாளர் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல. "நானும் உங்களுக்குப் போடலை."

"தெரியும்," என்றார் அவர். "நானும் எனக்குப் போடலை."

உறக்கக் கூட நிலையத்தில் ரயில் நின்றது. கட்டாயம் நீங்கிய முதல் நாள். நடைமேடையில் நாலு பேராவது இறங்கினால் பெரிது என்று நினைத்திருந்தாள். கதவுகள் திறந்தன. இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அம்சவேணி கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். தேவசகாயம் வாத்தியார் தலையணையோடு வந்திருந்தார். பவளக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். பூங்கோதை ரயிலை அடுத்த ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு, கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். யாருக்கும் மறதி ஊசி வேண்டியிருக்கவில்லை.

பள்ளம் அன்று இன்னும் ஆழமாகத் தெரிந்தது. மேற்குவிளிம்பின் நண்டுகள் சரிவின் அடியில் வந்து நின்று கால்களைத் தரையில் அழுத்தின. தட்டல் இருந்தது. முன்பைவிட மெலிந்திருந்தது. தோண்டத் தொடங்கினார்கள். முன்பு இரு ஊர் சேர்ந்து கட்டிய வரிசை. இப்போது பாதி வரிசைதான். எடுத்த கட்டியை வாங்க அடுத்த கை இல்லாமல் பூங்கோதை பலமுறை திரும்பினாள்.

எதிர்க்கரை இருண்டிருந்தது. அங்கேயும் யாராவது விழித்தபின் சொல்லியிருப்பார்களா? அங்கேயும் ஒரு எதிர்க்கட்சிக்காரர் அழுதிருப்பாரா? தெரிந்துகொள்ள வழியில்லை. போர் முடிந்ததென்று அந்த ஊரில் எல்லாரும் நிம்மதியாக, தங்களுக்கே தங்களுக்கென்று தூங்கிக்கொண்டிருக்கலாம். அப்படித் தூங்கினால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பவளக்கொடிதான் முதலில் நிமிர்ந்தாள். வேலையை விட்டுவிட்டு விளக்கைக் கிழக்கே திருப்பினாள். மற்றவர்களும் திரும்பினார்கள்.

உயரத்தில், நட்சத்திரங்களுக்குச் சற்றுக் கீழே, ஒரு வெளிச்சம் அசைந்தது. நட்சத்திரம்தானோ என்று பூங்கோதை பார்த்துக்கொண்டேயிருந்தாள். அது கீழே இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கிழக்குக் கரை முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, போர்க்காலத்தில் ஒருநாளும் வந்திராத அளவுக்கு, இருநூறு கோடி வருடத்து இருட்டின்மேல் விளக்குகள் வழிந்து வந்தன. பனித்தோட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டதுபோல் ஒளிர்ந்தது.

முதலில் வந்து சேர்ந்த நண்டு சின்னச் சின்ன அடியாக வேகமாக நடந்துவந்தது. யாரென்று அவளுக்குத் தெரியாது. அது நல்லசிவத்துக்கும் பூங்கோதைக்கும் நடுவில் இடம் பார்த்து நின்று, காலை நீட்டி, அவள் கையிலிருந்த கட்டியை வாங்கிக்கொண்டது.